மேடையில்லாதவர்களின் இசை வரலாறு: தமுக்கம் முதல் கீழ்ப்பாக்கம் வரை



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு எதைப் பேசப் போகிறீர்கள் என்று அமைப்புத் தோழர்கள் கேட்டபோது, இசைக்குழுக்களைப் பற்றி என்றோம். சிலர் சிரித்தார்கள். எத்தனையோ பிரச்சினைகள் இருக்கும்போது பாட்டுக் கச்சேரியா என்ற சிரிப்பு அது. நாம் யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். கூட்டம் நடத்தலாம் என்று முடிவானதும், தப்பு அடிக்க யார் வருகிறார்கள் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார். பேச்சாளர் பட்டியல் அதற்குப் பிறகு. எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தக் குழு அடித்தது, எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம். இந்த உரையே அதிலிருந்து தொடங்கியதுதான்.

ஒரு கட்டடத்தின் நினைவு

லண்டனில் ஹாமர்ஸ்மித் என்ற பகுதியில் ஒரு பழைய அரங்கம் இருக்கிறது. 1932இல் திரையரங்காகக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 3,500 பேர் உட்காரலாம். 1962இல் அதற்கு ஹாமர்ஸ்மித் ஓடியன் என்று பெயர் வைத்தார்கள். பீட்டில்ஸ் 1964 கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே தொடர்ச்சியாக வாசித்தார்கள். டேவிட் போவி 1973 ஜூலை 3 அன்று தன் புகழ்பெற்ற ஜிக்கி வேடத்தை அந்த மேடையில்தான் கலைத்தார். மோட்டர்ஹெட் என்ற ராக் இசைக்குழு 1981இல் வெளியிட்ட நேரடிக் கச்சேரித் தொகுப்பின் பெயரிலேயே ஹாமர்ஸ்மித் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள பாடல்கள் பதிவானது வேறு ஊர்களில். அங்கே வாசிக்காத கச்சேரிக்கும் அந்த அரங்கின் பெயரை வைக்கும் அளவுக்கு அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தது.

மேலை நாடுகளில் ராக் இசைக்குழுக்களின் வரலாற்றை இப்படி அரங்கங்களை வைத்தே எழுதிவிட முடிகிறது. எந்தக் குழு எந்த ஆண்டு எத்தனை இரவுகள் வாசித்தது, எத்தனை டிக்கெட் விற்றது, எந்தப் பாடலில் தொடங்கியது என்பதெல்லாம் கிடைக்கிறது. காரணம் எளிமையானது. அரங்கம் என்றால் பதிவேடு உண்டு, டிக்கெட் உண்டு, சுவரொட்டி உண்டு, மறுநாள் செய்தித்தாளில் விமர்சனம் உண்டு. பாடகர் செத்துப்போனாலும் சுவர் நினைவு வைத்திருக்கிறது.

இதே அரங்கத்தில்தான், இப்போது இவென்டிம் அப்பல்லோ என்று அழைக்கப்படும் அதே மேடையில்தான், 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் முதல் சிம்பொனி அரங்கேறியது. பண்ணைப்புரத்திலிருந்து அந்த மேடை வரைக்குமான தூரத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நாம் பேச நினைப்பது அந்தத் தூரத்தின் தொடக்கத்தில் இருந்த மேடைகளைப் பற்றி. அவற்றுக்குச் சுவரும் இல்லை, பதிவேடும் இல்லை.

தமுக்கம்

மதுரையில் அரங்கம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தமுக்கம். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையும் அதன் எதிரே திடலும். அரண்மனையில் உட்கார்ந்து திடலில் நடக்கும் யானைச் சண்டையையும் வீர விளையாட்டையும் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். அரண்மனை பிற்பாடு வெள்ளைக்காரக் கலெக்டர்களின் குடியிருப்பாக இருந்து, 1959இல் காந்தி நினைவு அருங்காட்சியகம் ஆனது. திடல் திடலாகவே இருந்தது. சித்திரைப் பொருட்காட்சி, கட்சி மாநாடு, புத்தகத் திருவிழா, பட்டிமன்றம், மெல்லிசைக் கச்சேரி எல்லாவற்றையும் மதுரை அங்கேதான் பார்த்தது. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது தமிழன்னை சிலை அங்கே வந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவு பகலாகக் கூடியதும் அங்கேதான்.

மண் தரை, தூசி, தகரக் கொட்டகை, பக்கத்தில் டெல்லி அப்பளம். பழைய தமுக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் அங்கே ஒரு பெரிய மாநாட்டு மையம் கட்டப்பட்டு 2022இல் திறக்கப்பட்டது. குளிரூட்டிய கூடம். நகரத்துக்கு நல்ல அரங்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்தத் திடலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அங்கே தப்பும் உருமியும் எந்த நேரத்தில் ஒலித்தன? பெரும்பாலும் தலைவர் வரும்போது வாசலில். தலைவர் மேடை ஏறியதும் அடிப்பது நிற்கும். அடித்தவர்கள் ஓரமாக நின்று டீ குடிப்பார்கள். மேடையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை, மைக் இல்லை. நோட்டீசில் பெயர் இல்லை.

இது தமுக்கத்தின் குற்றம் மட்டுமல்ல. 1939 ஜூலை 8 வரை மீனாட்சி கோயிலுக்குள் நம் கால் படவில்லை. அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் உள்ளே போனார்கள். கக்கன் மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டிக்காரர். கோயில் கதவு திறந்தது. கோயில் திருவிழாவில் தப்பு நிற்கும் இடம் மட்டும் வாசலாகவே பல ஊர்களில் நீடித்தது. சமூகவியலில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடம், இடம் என்பது உறவு என்பது. யார் எங்கே நிற்கலாம் என்பதில் ஒரு சமூகத்தின் சட்டம் எழுதப்படாமல் எழுதப்பட்டிருக்கிறது. மேடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

மேடை ஏறியவர்கள்

மேடையில் ஏறியவர்களும் உண்டு. ஏறியதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள். திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் மருத்துவர் சமூகத்தவர், அதாவது ஊர்ச்சொல்லில் நாவிதர். விடுதலைப் போராட்டப் பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவரோடு சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று சொன்ன சக கலைஞர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரன் பாட்டுக்காகப் பிடித்தான், நம்மவர்கள் பிறப்புக்காக ஒதுக்கினார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அடுத்து பாவலர் வரதராசன். பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டம். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு அவர் பாடினார். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் நின்றபோது, மூணாறு தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் நடுவே அவர் பாடிய பாட்டு ஓட்டாக மாறியது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பகுதி யார் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கத்திச் சேரிகளிலிருந்து மலை ஏறியவர்கள். பதினான்கு பதினைந்து வயதில் இளையராஜா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். பாஸ்கரும் பின்னர் கங்கை அமரனும் உடன் இருந்தார்கள். 1968இல் சென்னைக்கு வண்டி ஏறும் வரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் மதுரை, திருச்சி, தஞ்சை என்று ஊர் ஊராகக் கச்சேரி.

அந்தப் பத்து ஆண்டுகளின் கச்சேரிப் பட்டியலை இன்று யாராலும் தர முடியுமா? ஒரு கட்சியின் ஆயிரக்கணக்கான பொதுக்கூட்டங்களில், பேச்சாளர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைத்திருந்த ஒரு குழுவின் வரலாறு அது. பேச்சுகளில் சில அச்சாகியிருக்கின்றன. பாட்டு அச்சாகவில்லை. பாவலர் 1973இல் இறந்தார். போவி தன் வேடத்தைக் கலைத்த அதே ஆண்டு. அங்கே அந்த இரவைப் படம் பிடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இளையராஜா தம்மைச் சாதி அடையாளத்துக்குள் வைத்துப் பேசுவதை ஏற்பதில்லை. அது அவர் உரிமை. நம் கேள்வி அவரைப் பற்றியதல்ல, அந்த மண் மேடைகளைப் பற்றியது.

அரசரடியின் இரவுகள்

1990களில் மதுரை வேறொரு மேடையைப் பார்த்தது. அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி வளாகத்தில் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலை விழா. 1990களின் கடைசியில் கல்லூரி மாணவர்களாக இருந்த எங்களில் சிலருக்கு அரசியல் தொடங்கியதே அந்த வளாகத்தின் மரத்தடியில்தான். பல மாவட்டங்களிலிருந்து குழுக்கள் வரும். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். புகை வாசனையோடு முதல் அடி விழும்போது, ஊரில் சாவு வீட்டில் கேட்ட அதே அடி, இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கும் இசையாக மாறியிருக்கும். எங்களில் ஒருவருக்கு அன்று அழுகை வந்தது. அவருடைய அப்பாவும் அடிப்பவர். அப்பாவை யாரும் கலைஞர் என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை.

அந்த வளாகத்தில் பாடம் நடத்தியவர்தான் பரட்டை என்று எல்லோரும் அழைத்த தியாபிலஸ் அப்பாவு. 2005இல் மறைந்தார். கர்நாடக இசையானாலும் மேற்கத்தியக் கீர்த்தனையானாலும், பயிற்சியும் பணமும் உள்ளவர்களின் கையில் அது ஒரு ஏணியாகிவிடுகிறது. நாட்டுப்புற இசையை மட்டும்தான் மக்கள் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிப் பாட முடியும் என்பது அவர் வாதம். அதனால்தான் வழிபாட்டுக்குள்ளேயே தப்பைக் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் அதே காலத்தில் சக்தி கலைக்குழு உருவானது. தலித் இளம்பெண்கள் தப்பைத் தோளில் மாட்டி ஆடினார்கள். ஆண்கள் மட்டுமே அடிப்பது என்ற வழக்கமும் அத்தோடு உடைந்தது.

இங்கே ஒரு பழைய விவாதத்தை மறைக்கக் கூடாது. தப்பை அடிப்பதா, எரிப்பதா என்று நம் இயக்கங்களுக்குள் கடுமையாகச் சண்டை நடந்தது. 1927இல் மகத் மாநாட்டில் அம்பேத்கர் இழிவென்று சுமத்தப்பட்ட வழக்கங்களைக் கைவிடச் சொன்னார். அதை நெஞ்சில் ஏற்றுக்கொண்டு, சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று தப்பை இறக்கி வைத்த சேரிகள் நம் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு, வேலை மறுக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு முன்னால் நின்று, இது எங்கள் பாரம்பரியக் கலை என்று மட்டும் சொல்வது அநியாயம். அடிக்க மறுக்கும் உரிமை வந்த பிறகுதான் அடிப்பது கலையாகிறது. அரசரடியில் அடித்தவர்கள் பலர், ஊரில் அடிக்க மாட்டோம் என்று சொன்னவர்கள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த விழாவின் பொருள் புரியும்.

1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, அந்த மேடைகளின் பாட்டு மாறியது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மேலவளவு விடுதலைக் களத்துக்குப் போகும் வண்டிகளில் தப்பு இருக்கும். அஞ்சலிக்கு அடிப்பது அதுவே கண்டனமாகவும் ஆகும். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்றவர்கள், இந்தச் சாவுகளுக்கு அடித்தார்கள்.

கீழ்ப்பாக்கம், 2018

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 19 பேர். கிடார், டிரம்ஸ், பறை, தவில், சட்டி, கட்ட மோளம். கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் ஒரே வரிசையில். எல்லோரும் சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. அம்பேத்கரின் கோட்டு எதற்கு என்று தெரிந்தவர்களுக்கு அந்த உடை எதற்கு என்றும் தெரியும். குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி பேதமற்றவர்கள் என்று பதியச் சொன்னவர் அவர். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தச் சொல்லை ஒரு ராக் மேடையின் பின்னணித் திரையில் பார்த்தபோது, மதுரையிலிருந்து பேருந்தில் போயிருந்த எங்களுக்கு இரவுப் பயணத்தின் களைப்பு போய்விட்டது.

ராக் என்பதே கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து முளைத்தது. ஹிப் ஹாப் 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் கூடத்தில் தொடங்கியது. அரங்கத்தில் தொடங்கவில்லை. கானா பிறந்ததும் வட சென்னையின் சாவு வீடுகளில். ஆகவே கிடாரும் கட்ட மோளமும் அந்த மேடையில் சேர்ந்தது விசித்திரமான கலப்பு அல்ல. இரண்டும் அரங்கத்துக்கு வெளியே நின்றவர்களின் ஒலி.

அவர்கள் இடஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள், மலக்குழி மரணத்தைப் பாடினார்கள், ஆணவக்கொலையைப் பாடினார்கள். நம் துண்டறிக்கைகளில் இருந்ததெல்லாம் இளைஞர்களின் செல்போனில் ஏறியது. குழுவின் பாடகி இசைவாணியை 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. அதே இசைவாணி மேடையில் பாடிய ஒரு பாடலுக்காக, பல ஆண்டுகள் கழித்து 2024இல், அவர்மீது புகார்களும் இணையத்தில் வசைகளும் குவிந்தன. விருதும் வசையும் ஒரே குரலுக்கு வந்தவைதான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் குழு சென்னையின் மொழியில் பாடியது. அதில் தவறில்லை. ஆனால் மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் வட்டாரத்தின் அடியும் சொல்லும் அப்படியொரு ஒலிக்கருவி வசதியோடு, அப்படியொரு கூட்டத்தின் முன் இன்னும் போதுமான அளவு ஒலிக்கவில்லை. அலங்காநல்லூரின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. விருது வாங்கிய கலை, அடுத்த வாரம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அனுமதி என்னும் கதவு

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விடிய விடிய நாடகம் பார்த்த ஊர்கள் இவை. விதி எல்லோருக்கும் பொதுவானது என்றால் நமக்கு மறுப்பில்லை. ஆனால் திருவிழாவில் ஆடல் பாடல் நடத்த வேண்டும் என்றால் காவல் நிலையம், கிடைக்காவிட்டால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை என்று அலைவது இங்கே வழக்கமாகிவிட்டது. அனுமதியோடு வரும் நிபந்தனைகளில் ஒன்று: எந்தச் சாதியையோ கட்சியையோ குறிக்கும் பாடல் கூடாது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆதிக்கச் சாதிப் பெருமை பாடும் பாட்டுகள் ரேடியோ செட்டில் அலறி, அதனால் கலவரம் நடந்த மாவட்டங்கள் இவை. ஆனால் சாதியைப் புகழ்வதையும் சாதியை எதிர்ப்பதையும் ஒரே நிபந்தனை ஒரே தட்டில் வைக்கிறது. புகழ்ந்து பாடுகிறவர்கள் சாதியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஒரு அரிவாள், ஒரு மீசை, ஒரு பழைய சினிமா மெட்டு போதும். எதிர்த்துப் பாடுகிறவர்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். கொன்றது எது என்று சொல்லாமல் மேலவளவை எப்படிப் பாடுவது?

சில ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் ஒரு மண்டபத்தை எங்கள் விழாவுக்குப் பேசி முன்பணமும் கொடுத்திருந்தோம். நோட்டீஸ் அச்சான மறுநாள் அழைப்பு வந்தது. பாட்டு எல்லாம் எப்படி இருக்கும், பிரச்சினை வராதே என்று கேட்டார்கள். பிறகு கூடத்தில் பராமரிப்பு வேலை என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். சண்டை போடவில்லை. ஒரு தோழரின் வீட்டு மொட்டை மாடியில் விழாவை நடத்தினோம். தெருவே கேட்டது. ஆனால் இருநூறு பேர் வர வேண்டிய விழாவுக்கு நாற்பது பேர்தான் வந்தார்கள். அரங்கம் இல்லாததற்கான விலை இப்படித்தான் கணக்காகிறது.

அந்த நோட்டு

நம் தோழர் இறந்த பிறகு அவர் வீட்டுக்குப் போய் அந்த நோட்டைக் கேட்டோம். மழையில் நனைந்து பாதி போயிருந்தது. படிக்க முடிந்தவை ஏழு பக்கங்கள். சுமார் அறுபது நிகழ்ச்சிகள். சில குழுக்களின் பெயர்கள் இன்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வரியில் ஊர்ப் பெயருக்கு எதிரே, மேடை இல்லை, டிராக்டர் பெட்டி மேல் என்று எழுதியிருந்தார். அந்த ஏழு பக்கங்கள்தான் எங்களுக்குத் தெரிந்த அளவில் இந்த வட்டாரத்துக் கலைக்குழுக்களின் மிகப் பழைய பதிவேடு.

அதனால் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறோம்.

மாணவர்களுக்கு: ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள். உங்கள் ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு தப்பாட்டக் கலைஞர், ஒரு மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர், ஒரு ரேடியோ செட் வைத்திருந்தவர், இவர்களிடம் உட்காருங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த மேடை, என்ன கூலி, யார் தடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய நோட்டீஸ்கள், கேசட்டுகள், போட்டோக்கள் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். கேசட் நாடா இன்னும் எத்தனை மழையைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

இயக்கத் தோழர்களுக்கு: அடுத்த கூட்டத்தின் நோட்டீசில், தலைவர்கள் பெயர் இருக்கும் அதே எழுத்தளவில், தப்பு அடிக்கும் குழுவின் ஒவ்வொருவர் பெயரையும் போடுங்கள். மேடையில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். பேசிய கூலியை அன்றே கையில் கொடுங்கள். மாநகராட்சியின் அரங்கங்களில் கலைக்குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் ஆண்டுக்குச் சில நாட்களாவது ஒதுக்க வேண்டும் என்று மனுக் கொடுப்போம். வரிப்பணத்தில் கட்டிய கூடம் அது, நம் வரியும் அதில் இருக்கிறது.

இன்றைய நிகழ்வைத் தொடங்கி வைத்துத் தப்பு அடித்த எட்டுப் பேரின் பெயர்களும் இந்த நூலின் முதல் பக்கத்தில் அச்சாகின்றன. நம் தோழரின் நோட்டில் எட்டாவது பக்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.

ஜெய்பீம்.